கண்ணாடி வூடு கட்டிவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளை காதருக்கு,

உன் மச்சான் யூசுபின் ஸலாம். ஆண்டவன் உன் கப்ரை விசாலமாக்கி வைக்கட்டும். இந்த துஆவை ஐந்து வேளையும் கேட்கிறேன். கேட்டு முடித்த கையோடு உன்னைத் திட்டவும் செய்கிறேன். இரண்டையும் நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

ஜமுனாமரத்தூரில் உன் கடுக்காய்க் கிடங்கில், நீ உட்கார்ந்த அதே மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மௌத்தான மறுவாரமே முதலாளி என்னை மலைக்கு ஏற்றிவிட்டார். டேனரியில் தோல் ஊறுவதற்குக் கடுக்காய் வேண்டும், கடுக்காய்க்கு மலைக்காரர்களிடம் பேசி வாங்க ஆள் வேண்டும். துக்கம் கேட்க வந்தவர், கேட்டு முடித்து எழுந்திருக்கும்போதே, எப்போது மலைக்குப் போகிறாய் என்றும் கேட்டுவிட்டார்.

உன்னைக் கீழே வாணியம்பாடியில் அடக்கினோம். உன் பெண்டாட்டி மேலே இருக்கிறாள். நடுவில் இந்த மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறி இறங்கி, வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வருகிறவன் நான். இதற்காகவா உனக்கு என் தங்கச்சி மைமூனைக் கட்டிக்கொடுத்தேன்?

அதுவாவது போகட்டும். வீட்டுப் பின்னால் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கண்ணாடி வூடு, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பேஜாராகிறது.

ஏதோ ஒரு கடை காலண்டரில் சீமைப் படம் ஒன்றைப் பார்த்தாய். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி சிவந்து தொங்குகிறது. அன்றையிலிருந்து உனக்குத் தூக்கம் போனது. உன் யோசனை முழுக்கத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். கீழேயிருந்து இந்தச் சந்தைக்கு வரும் காய்கறி பஸ் கூரைமேலேயே வெந்து வதங்கித்தான் வருகிறது. இங்கேயே விதைக்கலாமென்றால் காற்று, ஆடு, குரங்கு, இந்த மூன்றும் எதையும் விட்டுவைப்பதில்லை. அடைத்த இடத்தில் வளர்த்தால் வருஷம் முழுக்க விளையும் என்றாய். சரிதான். ஆனால் அந்தப் படத்தில் பனி கொட்டிக்கிடந்ததே, அது ஏன் உன் கண்ணில் படவில்லை? மாசி பிறந்தால் மத்தியானத்தில் பாறைமேல் கால் வைக்க முடியாத இந்த ஊருக்கு, பனி பெய்கிற ஊர்க்காரன் வீடு எதற்கு?

ஏலகிரியில் இடித்த பழைய பங்களா ஒன்றின் ஜன்னல்களை மொத்தமாகப் பேசி வாங்கினாய். வைக்கோல் சுற்றி, லாரியில் ஏற்றி, நீ வழி முழுக்க அந்த லாரியில் நின்றுகொண்டே வந்தாய். வழியில் கண்ணாடி ஒன்று உடைந்ததற்கு ஒரு வாரம் துக்கம் காத்தாய். உங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை நீ அந்தக் கண்ணாடிகளிடம் தீர்த்துக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு வரவில்லை.

ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. இந்த வீட்டில் குடிவைக்க எந்த ராஜா வீட்டுப் பெண்ணைக் கொண்டுவரப் போகிறாய் என்று சந்தையில் கேலி பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் கிடாய், கண்ணாடிக்குள் இன்னொரு கிடாயைப் பார்த்துவிட்டு, பின்னால் போய் ஓடிவந்து முட்டியது. கிடாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நீதான் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

பிறகு தை மாதக் குளிரில் அந்தக் காய்ச்சல் வந்தது. கூரையில் பாதிதான் மூடியிருந்தது. உன்னைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக என்னிடம் என்ன பேசினாய் தெரியுமா? பெண்டாட்டியைப் பார்த்துக்கொள் என்று சொன்னாயா? தொழுகையை விடாதே என்று சொன்னாயா? கூரையின் மேற்குப் பக்கம் சட்டம் ஆடுகிறது, ஆணி அடித்துவிடு என்று சொன்னாய். உன்மேல் எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

மைமூனைக் கீழே அழைத்து வந்துவிடுவது என்றுதான் நானும் அம்மாவும் முடிவு செய்தோம். அவள் அசையவில்லை. புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டியது அவர் வீட்டில்தான், இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா விடுவாளா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், மலையில் தனியாக இருக்கிற பெண் தாய் வீட்டில் இத்தா இருக்கலாம் என்று சொல்லும்படி கேட்டாள். அங்கே அவளுக்கு ஏதாவது ஆபத்தா என்று அவர் திருப்பிக் கேட்டார். அண்ணன் பக்கத்துக் கிடங்கில்தான் இருக்கிறான் என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அப்படியானால் மைமூன் சொல்வதுதான் சரி என்றார் அவர். அம்மா அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை.

ஆனால் அம்மாவின் மனதில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர். பெண்டாட்டியை இழந்தவர், குணமானவர், இரண்டு பிள்ளைகள். இத்தாவில் இருக்கிற பெண்ணுக்குச் சம்பந்தம் பேசக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? "நான் எங்கடா பேசினேன்? மனசுல வெச்சினு கீறேன், அவ்ளோதான்" என்றாள். நானும் தப்பு சொல்லவில்லை. வயசுப் பெண் மலையில் தனியாக எத்தனை நாள் இருப்பாள்? நீயே சொல், நீயாக இருந்தால் வேறென்ன நினைத்திருப்பாய்?

இத்தா முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று மைமூனிடம் ஒருநாள் பேச்செடுத்தேன். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"அண்ணே, அவரு கட்டுன கண்ணாடி வூட்டை முடிச்சுக் குடு. நான் தக்காளி வெக்கிறேன். இத்தா முடியிற அன்னிக்கு அதுல வெளஞ்ச தக்காளியில குழம்பு வெச்சு உனக்குச் சோறு போட்டா, நான் இங்கியே இருந்துக்கிறேன். போட முடியலன்னா, ஒரு வார்த்தை பேசாம உன்கூட வர்றேன்."

என்ன செய்து பிழைப்பாய் என்று கேட்டேன். காய்கறி விளைவித்துச் சந்தையில் சின்னப்பொண்ணு மூலம் விற்பேன், ராத்திரித் துணைக்கும் அவளே வந்து படுத்துக்கொள்வாள் என்றாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்துத்தான் பேசியிருக்கிறாள். நான் உடனே சரி என்றேன். மனதுக்குள் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் முளைக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கூரையை முடித்தேன். நீ சொன்ன மேற்குச் சட்டத்துக்கு ஆணியும் அடித்தேன். காற்று புகாதபடி எல்லா இடுக்கையும் அடைத்தேன். காற்று புகாமல் இருக்க வேண்டும் என்று நீதானே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய்! மைமூன் விதை தூவினாள். வாரத்துக்குள் பச்சையாக எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற நாற்று தலை சாய்ந்தது, அடுத்த நாள் படுத்தது, அதற்கடுத்த நாள் கீரைக் கடைசல்தான். தண்ணீர் போதவில்லை என்று அவள் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே ஆவி பறந்தது. நாற்று கஷாயமானது.

யாரைத் திட்டினாள் என்று நினைக்கிறாய்? உன்னையா? உன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. நான் கூரையைச் சரியாக முடிக்கவில்லையாம். அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதாம். மறுபடி விதைத்தாள், மறுபடி வெந்தது. மறுபடி நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. கண்ணாடி வீடு என்றால் உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவார்கள் என்பதை நீ யோசித்தாயா? இத்தாவில் இருக்கிறவள், ஆம்பளைகள் கண்ணில் படாமல் பின்கட்டோடு இருக்க வேண்டியவள். மேற்குப் பக்கம் வேலிக்கு அந்தண்டை சந்தைக்குப் போகும் பாதை. போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று, கண்ணாடிக்குள் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாயம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறான். உலகத்திலேயே பெண்டாட்டியை இத்தாவுக்குக் கண்ணாடிப் பெட்டியில் உட்காரவைத்துவிட்டுப் போன புருஷன் நீ ஒருவன்தான்.

கிடங்கிலிருந்து பழைய கடுக்காய்ச் சாக்குகளைக் கொண்டுபோய், மேற்குப் பக்கம் முழுக்கக் கூரை விளிம்பிலிருந்து தரை வரை பர்தாவாகக் கட்டித் தொங்கவிட்டேன். அதிலிருந்து கடுக்காய்த் தூசி பறந்து அவளுக்குத் தும்மல். தூசி அடங்க அவள் காலையும் மாலையும் சாக்கின்மேல் தண்ணீர் தெளிப்பாள். எனக்கு மானம் காப்பாற்றிய திருப்தி. அதற்குமேல் அந்தச் சாக்கைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

பங்குனி பாதியில் ஒருநாள் கிடங்கில் இருந்தவனைச் சின்னப்பொண்ணு ஓடிவந்து கூப்பிட்டாள். என்னவோ ஏதோவென்று போனேன். மைமூன் கண்ணாடி வீட்டுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை போட்ட நாற்றும் முழுக்கக் கருகிக் கிடந்தது. மேற்கு ஓரத்து வரிசை மட்டும் நிமிர்ந்து நின்றது. அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"அவரு கடைசியா கொத்திவிட்ட மண்ணுண்ணே இது. அதான் பொழச்சிக்குச்சு" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உன் மண்ணாவது உன் கையாவது! எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சாக்கு, மாப்பிள்ளை, சாக்கு. நான் மானத்துக்காகக் கட்டிய சாக்கு அந்த வரிசைக்கு நிழல் கொடுத்திருக்கிறது. அவள் தும்மலுக்குப் பயந்து தெளித்த தண்ணீர் குளிர்ச்சி கொடுத்திருக்கிறது. இது புரிந்ததும் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் புரிந்தது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் நீ எதிரில் இருந்திருந்தால் ஓங்கி ஒன்று விட்டிருப்பேன்.

நீயும் நானும் எங்கே வேலை செய்தோம்? டேனரி மாடியில். தோல் காயவைக்கும் மாடியில். அங்கே நமக்கு வேலையே நிழலையும் காற்றையும் பார்த்துக்கொள்வதுதானே? வெயில் பட்டால் தோல் பலகையாக விறைத்துவிடும் என்று சுவர் முழுக்கச் சாய்ந்த பலகைகள். காலையில் கிழக்கை மூடு, மத்தியானம் கீழ்வரிசையைத் திற, சூடு மேலே ஏறும், அதற்கு உச்சியில் வழி விடு. மத்தியானத்தில் பலகைகளை மூடிவைத்த புதுப் பையனை மேஸ்திரி என்ன கதிக்கு ஆளாக்கினார் என்று நீதானே எல்லோருக்கும் நடித்துக் காட்டுவாய்? செத்த மாட்டுத் தோலுக்கே அத்தனை காற்று விட்டவன், உயிருள்ள செடியை எப்படியடா நாலு பக்கமும் அடைத்துக் கண்ணாடி போட்டு வைத்தாய்? போதாததற்கு, அதே மாடியில் உன்னோடு நின்ற நான் உட்கார்ந்து இடுக்கெல்லாம் அடைத்திருக்கிறேன்.

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு எனக்கு விடை தெரிந்தது. நீ அந்த மாடியை வெறுத்தாய். சாப்பாட்டு நேரத்தில் நாங்களெல்லாம் நிழலில் சாய்ந்திருப்போம், நீ மட்டும் முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்று சாப்பிடுவாய். "இந்த இருட்டுல தோல் மட்டுமா காயுது மச்சான்" என்று ஒருதடவை சொன்னாய். கடுக்காய் வாங்க மலைக்கு ஆள் வேண்டும் என்றதும் முதலில் கையைத் தூக்கியவன் நீ. உனக்குத் தக்காளியைவிட அந்தக் கண்ணாடிதான் வேண்டியிருந்தது. சரிதானே? இல்லையென்று சொல்ல இனி உனக்கு வாயில்லை, அதனால் நான் சொல்வதுதான்.

இப்போது என் சங்கடத்தைக் கேள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாடியின் சூட்சுமம் மைமூனுக்குத் தெரியாது, பொம்பளைகள் அங்கே ஏறியதில்லை. உன் கை பட்ட மண் என்று நம்பிக்கொண்டு அவள் மறுபடி மறுபடி விதைத்திருப்பாள், எல்லாம் வெந்திருக்கும், இத்தா முடிந்ததும் பெட்டியைக் கட்டியிருப்பாள். அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு நிம்மதி, ஆம்பூர்க்காரருக்கும் நல்லது. கிடங்குக்குத் திரும்பி வந்து கடுக்காய் எடை போட்டேன். எடை தப்புத் தப்பாக வந்தது. மலைக்காரர் ஒருவர், பாய்க்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தியில் போய்ச் சொல்லிவிட்டேன். எவ்வளவு கோபமிருந்தாலும், தெரிந்த வேலையை ஒருத்தி எதிரில் தப்பாகச் செய்துகொண்டிருக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்க என் கைக்கு வரவில்லை. மேஸ்திரி அடித்த அடி அப்படி. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத்த இன்னாத்துக்குண்ணே மொதல்லயே சொல்லல?"

அதை உன்னைக் கேட்கச் சொல்லலாம் என்று பார்த்தேன்.

மறுநாளிலிருந்து உன் வீட்டைப் பிரித்தேன். நீ மார்பில் அணைத்துக் கொண்டுவந்த கண்ணாடிகளில் தரையோரத்து வரிசையை முழுக்கக் கழற்றினேன். உச்சியிலும் நீளவாட்டில் கழற்றினேன். அந்த இடங்களில் பழுதான கடுக்காய்ப் பெட்டிகளின் பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து, கயிறு இழுத்தால் திறக்கிற மாதிரி, நம் மாடியில் இருப்பது போலவே பொருத்தினேன். குரங்கு கை விடாதபடி இடைவெளி வைத்தேன். மேலே மிச்சமிருந்த கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

ஆமாம், சுண்ணாம்புதான். கேட்டுக்கொள். கண்ணாடி வாங்கி, லாரியில் ஏற்றி, உடைந்ததற்கு அழுது, கூரை போட்டு, அப்புறம் அதன்மேல் வெளிச்சம் வராமல் சுண்ணாம்பு அடிக்கிற குடும்பம் இந்த உலகத்தில் நம் குடும்பம் ஒன்றுதான் இருக்கும். சந்தைக்குப் போனவர்கள் வேலியோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதற்கு முதலிலேயே ஓலை போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். நான் ஏணிமேல் நின்றுகொண்டு, கையில் மட்டையோடு, உன் பெயரைச் சொல்லி வாய்விட்டுத் திட்டினேன். மைமூன் உள்ளேயிருந்து, இறந்துபோனவர்களை அப்படிப் பேசாதே என்றாள். இறந்துபோனவன் இப்படிச் செய்துவிட்டுப் போகலாமா என்றேன்.

அதன்பிறகு உன் பெண்டாட்டியே எனக்கு மேஸ்திரி ஆகிவிட்டாள். மாடியின் வித்தையைச் சொன்னதுதான் தாமதம், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே போகக்கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட வேண்டும். சாணம் கொண்டுவா, குச்சி கொண்டுவா, தக்காளிக்குக் கட்ட வாழைநார் கொண்டுவா, இது கிழிந்த நார், வேறு கொண்டுவா. மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்திருப்பேன், அண்ணே, மேற்குப் பலகையைத் திற என்று குரல் வரும். சோற்றுக் கையோடு போய்க் கயிற்றை இழுப்பேன். கடுக்காய்க் கணக்கு முதலாளிக்கு இரண்டு தடவை தாமதமாகப் போனது. கீழே டேனரியில் எனக்கு இவ்வளவு வேலை இருந்ததில்லை.

செடி வளர்ந்தது. அதை மறைக்க முடியாது. சித்திரை வெயிலில் வெளியே புல் காய்ந்து கிடக்கும்போது உள்ளே போனால் முகத்தில் குளுமை படும். இடுப்பளவு நின்றது. பூத்தது. சின்னப்பொண்ணு தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள், பாயம்மா வீட்டுக்குள் மார்கழி மாதம் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் நுழையும்போது மைமூன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நான் பார்க்காதவன்போல் வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் மூன்று நாற்றைச் சாகடித்த நாட்கள் திரும்பி வருமா? இத்தா முடிகிற நாள் வந்தபோது தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது, ஒன்றுகூடச் சிவக்கவில்லை. எல்லாம் கல் மாதிரிப் பச்சை.

அன்று காலையில் முதலாளியின் ஜீப் வந்து வாசலில் நின்றது. அம்மாதான் கெஞ்சிக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். டிரைவர் கையில் மைமூனுக்குப் புதுப் புடவை, இத்தா முடிந்து கட்டிக்கொள்ள. கூடவே எனக்கு ஒரு செய்தி: ஆம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

உள்ளே போனேன். மைமூன் குளித்து, தொழுது, டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் சட்டைகளைத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதோ ஆறுதல் சொல்லி ஜீப்பில் ஏற்றியிருப்பேன்.

"பேச்சு பேச்சுதாண்ணே. பழுக்கல. வர்றேன்" என்றாள். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே, சொன்னாள். "அம்மா வூட்டுல எனக்குச் சோத்துக்கு இன்னா கொறச்சல்? ஒண்ணும் இல்ல. ஆனா அங்க நான் எந்த மூலையில உக்காரணும்னு யாராச்சும் சொல்லுவாங்க. இங்க யாரும் சொல்லலண்ணே. அவரு கூடச் சொன்னது இல்ல."

மாப்பிள்ளை, எனக்குச் சுர்ரென்று வந்தது. உன்மேலா, அவள்மேலா, அம்மாமேலா, என்மேலா என்று தெரியவில்லை. நாலு மாதமாக யாரைக் கீழே இறக்க வேண்டுமென்று மலையேறினேனோ, அவள் பெட்டியைக் கட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை?

நேரே பின்கட்டுக்குப் போனேன். கைக்குக் கிடைத்த பச்சைத் தக்காளியையெல்லாம் பறித்து, சட்டை முனையில் ஏந்திக்கொண்டு வந்து அவள் எதிரில் தரையில் கொட்டினேன். குழம்பு வை என்றேன்.

"பழுக்கலயேண்ணே."

"நீ குழம்புன்னுதான் சொன்ன. செவப்பா இருக்கணும்னு சொல்லல. அடுப்ப மூட்டு, எனக்குப் பசிக்குது."

"வெளில ஜீப் நிக்குது."

"நிக்கட்டும். டிரைவருக்கும் சேத்து ஒல வை."

அப்போதுதான் அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஒரு தக்காளியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்டிமேல் தலை சாய்த்து, சத்தம் போட்டு அழுதாள். சின்னப்பொண்ணு வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டாள். நான் போய் அடுப்பை மூட்டினேன்.

குழம்பு புளிப்பென்றால் அப்படியொரு புளிப்பு. டிரைவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பேசாமல் சாப்பிடு என்று கண்ணால் சொன்னேன். நான் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டேன், நெஞ்செரிச்சல் இன்னும் போகவில்லை. ஜீப் காலியாகத்தான் கீழே போனது. புதுப் புடவையை மைமூன் கட்டிக்கொண்டாள். பெட்டியை நானே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தேன்.

இப்போது தக்காளி சிவக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த ஒரு வாரம் முன்னாலேயே சிவந்திருந்தால் அதற்கு என்ன கேடு வந்திருக்கும்? போன சந்தைக்குச் சின்னப்பொண்ணு ஒரு கூடை கொண்டுபோனாள், பஸ் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வேலியோரம் நின்று சிரித்தவர்கள்தான் வாங்கினார்கள். மைமூன் அடுத்து முட்டைக்கோஸ் வைக்கப் போகிறாளாம். இன்னொரு கண்ணாடி வூடு கட்டலாமா என்று நேற்று கேட்டாள். நான் காது கேட்காதவன்போல் இருந்துவிட்டேன்.

நாளை நான் இறங்குகிறேன். வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருப்பாள். காலியாக வந்த ஜீப்பைப் பார்த்ததிலிருந்து அவள் என்ன பாடு படுத்திக்கொண்டிருப்பாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆம்பூர்க்காரரிடமும் போய் நானே முகத்துக்கு நேரே பேச வேண்டும். நீ நிம்மதியாகப் படுத்திருக்கிறாய், நான் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஆனால் மாப்பிள்ளை, இந்த ஒரு வாக்கை உனக்குக் கொடுக்கிறேன், ஆண்டவன் சாட்சியாக. அவளாக வருகிறேன் என்று சொல்கிற வரைக்கும், மைமூனை இறக்கிக்கொண்டு போக யாரும் இந்த மலை ஏற மாட்டார்கள். அம்மாவே கிளம்பினாலும் அடிவாரத்தில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நான் நிற்பேன். நீ கட்டின வீட்டில் உன் பெண்டாட்டி அவள் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காருவாள்.

உன்னைத் திட்டித் தீராத,
உன் மச்சான்
யூசுப்